பசிப்பிணியும் காதற்பிணியும்: 'பியாண்ட் பார்டர்ஸ்' திரைப்படம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

2003ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெளிவந்த 'பியாண்ட் பார்டர்ஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படம், பஞ்சமும் போரும் நிலவும் நாடுகளில் தொண்டாற்றும் மருத்துவர் ஒருவருக்கும் இலண்டன் நகரின் செல்வச் சூழலில் வாழும் பெண்ணொருத்திக்கும் இடையே முகிழ்க்கும் காதலைக் கூறுவதாகும். 'எல்லைகளுக்கு அப்பால்' என்பது அத்தலைப்பின் பொருள். மார்ட்டின் கேம்பல் இயக்கிய இப்படத்தில் ஆஞ்சலினா ஜோலி சாரா ஜோர்டன் என்னும் தலைவியாகவும், கிளைவ் ஓவன் நிக் கேலகன் என்னும் மருத்துவராகவும் நடித்துள்ளனர். வெளிவந்த காலத்தில் இப்படம் வணிக வெற்றியையும் பெறவில்லை. திறனாய்வாளர்களின் பாராட்டையும் பெறவில்லை. மக்களின் துன்பத்தை இருவருடைய காதலுக்குப் பின்புலமாக ஆக்கிவிட்டது என்பதே அதன்மீது சுமத்தப்பட்ட முதன்மையான குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டு சரியானதே. எனினும் அது பாதி உண்மையையே கூறுகின்றது என்பது நம் கருத்து. துன்பம் சூழ்ந்த இடத்திலும் மனிதர்கள் காதல் கொள்ளவே செய்கின்றனர். போர்ப் பாசறையில் இருந்துகொண்டு தலைவியை நினைக்கும் தலைவனை நம் முல்லைத்திணைப் பாடல்கள் பலவாறு காட்டியுள்ளன. எனவே தொண்டின் களத்தில் காதலை வைத்தது குறையாகாது. வைத்த முறையில் எங்கே பிழை நேர்ந்தது என்பதே கேட்கப்பட வேண்டிய வினாவாகும். இக்கட்டுரை அவ்வினாவை அகம், புறம் என்னும் தமிழ்ப் பொருளிலக்கணப் பாகுபாட்டின் துணைகொண்டும், பசி நீக்குதலையே பாடுபொருளாகக் கொண்ட மணிமேகலைக் காப்பியத்தின் துணைகொண்டும் ஆராய முற்படுகின்றது. வேற்றுமொழிப் படமொன்றைத் தமிழ் இலக்கணத்தால் அளந்து தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. காதலும் பொதுத்துயரும் ஒரே படைப்பில் சந்திக்கும்போது எழும் சிக்கலை நுணுகிப் பார்ப்பதற்கு நம்மிடம் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு கண்ணாடியைப் பயன்படுத்துகின்றோம், அவ்வளவே.

கதையமைப்பு

கதை மூன்று நாடுகளில், மூன்று ஆண்டுகளில் நிகழ்கின்றது. 1984ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெறும் நிதிதிரட்டு விருந்தொன்றில் நிக் அழைப்பின்றி நுழைகிறான். எத்தியோப்பியாவிலுள்ள தன் முகாமுக்கு வந்துகொண்டிருந்த உதவி நிறுத்தப்பட்டதைக் கண்டித்துப் பேசுகிறான். பசியால் மெலிந்த சிறுவன் ஒருவனையும் அவன் உடன் அழைத்து வந்திருக்கிறான். அச்சிறுவன் பின்னர் இலண்டனிலேயே உயிரிழக்கிறான். விருந்துக்கு வந்திருந்த சாரா மனம் கலங்கித் தன் சேமிப்பைக் கொண்டு உணவும் மருந்தும் வாங்கி எத்தியோப்பியா செல்கிறாள். 1989ஆம் ஆண்டில் அவள் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் ஊழியராகக் கம்போடியாவுக்குச் செல்கிறாள். அங்கே இருவரின் காதலும் வெளிப்படுகின்றது. 1995ஆம் ஆண்டில் நிக் செச்சினியாவில் சிறைப்பட்டிருப்பதை அறிந்து, கணவனையும் குழந்தைகளையும் விட்டு அவனைத் தேடிச் செல்கிறாள். அவனை மீட்டுத் தப்பும் வழியில் கண்ணிவெடியை மிதித்து மாண்டுபோகிறாள். அவர்களுக்குப் பிறந்த மகளை நிக் இலண்டனில் காண வருவதோடு படம் நிறைவுறுகின்றது.

மூன்று களங்களும் கற்பனையல்ல. ஆனால் எத்தியோப்பியக் காட்சிகள் நமீபியாவிலும், கம்போடியக் காட்சிகள் தாய்லாந்திலும், செச்சினியக் காட்சிகள் கனடாவிலும் படமாக்கப்பட்டன. இது திரைப்படத் தொழிலின் நடைமுறைத் தேவை. அதனை நாம் குறையாகக் கூறவில்லை. எனினும் ஒரு நாட்டின் துயரை மற்றொரு நாட்டில் எளிதாக அமைத்துவிட முடிவதைப் போலவே, ஒரு துயருக்கும் மற்றொரு துயருக்கும் இடையே உள்ள வேறுபாடும் இப்படத்தில் எளிதாக மறைந்துவிடுகின்றது. மணல், மழைக்காடு, பனி என நிலம் மாறுகின்றது. துன்பம் ஏன் நேர்ந்தது என்பது மட்டும் எங்கும் அழுத்தம் பெறவில்லை.

பெயர் பெற்றோரும் பெயரற்றோரும்

அகப்பாடலில் காதலரின் பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்றே அங்கு மாந்தர் குறிக்கப்பெறுவர். அவர்களுடைய அன்பு எவருக்கும் உரியதாகப் பொதுமை பெறுவதற்கு அப்பெயரின்மையே வழிவகுக்கின்றது. புறப்பாடலிலோ பெயர் இன்றியமையாதது. இன்ன ஊரில், இன்ன போரில், இன்னார் பட்டார் என்று பாடுவதே புறத்தின் கடமை. கொடுத்தவன் பெயரும், கொடுக்காது மறுத்தவன் பெயரும் கூடப் புறநானூற்றில் பதிவாகியுள்ளன. நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்து உயிர்களும் உணவும் தொழிலும் கருப்பொருள், காதலே உரிப்பொருள். அகப்பாடலில் முதலும் கருவும் உரிப்பொருளுக்குத் துணைநிற்கும்.

இந்நெறியை இப்படத்தோடு ஒப்பிடும்போது ஒரு தலைகீழ் அமைப்பு தென்படுகின்றது. காதலர் இருவருக்கும் பெயருண்டு, குடும்பமுண்டு, கடந்தகாலமுண்டு. பஞ்சத்தில் மடிவோர்க்கும் போரில் ஓடுவோர்க்கும் பெரும்பாலும் பெயரில்லை. இலண்டனுக்கு அழைத்து வரப்படும் சிறுவன் ஒரு செல்லப்பெயரைப் பெறுகிறான். ஆனால் கதை சூடுபிடிப்பதற்கு முன்னரே அவன் இறந்துவிடுகிறான். அகத்தின் மாந்தர்க்குப் புறத்தின் பெயர்களையும், புறத்தின் மாந்தர்க்கு அகத்தின் பெயரின்மையையும் இப்படம் வழங்கியுள்ளது. அதன் விளைவாக முகாமும் பஞ்சமும் பாலை நிலத்துக் கள்ளியைப் போலவும் பருந்தைப் போலவும் கருப்பொருளாகச் சுருங்கிவிடுகின்றன. மனிதன் கருப்பொருளாதல் அறமாகுமா என்பதே நம் வினா.

எத்தியோப்பியப் பகுதியில் இடம்பெறும் ஒரு காட்சி இதனைத் தெளிவுபடுத்தும். முகாமுக்குச் செல்லும் வழியில், எலும்பும் தோலுமாகக் கிடக்கும் குழந்தை ஒன்றையும் அதனருகே காத்திருக்கும் பிணந்தின்னிக் கழுகையும் சாரா காண்கிறாள். வண்டியை நிறுத்திக் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறாள். இக்காட்சியைக் காண்போர்க்குத் தென்னாப்பிரிக்க ஒளிப்படக் கலைஞர் கெவின் கார்ட்டர் 1993ஆம் ஆண்டு சூடானில் எடுத்த படம் நினைவுக்கு வராமல் இராது. 1994ஆம் ஆண்டில் அப்படம் புலிட்சர் பரிசைப் பெற்றது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் கார்ட்டர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவ்வொளிப்படம் வெளிவந்தபோது உலகெங்குமிருந்து எழுந்த கேள்வி, அக்குழந்தை என்ன ஆயிற்று என்பதே. ஒளிப்படத்தில் அதற்கு விடையில்லை. விடையின்மையே அதன் வலிமை. பார்ப்பவரை அது உறங்கவிடவில்லை. திரைப்படமோ அக்கேள்விக்கு விடையளித்துவிடுகின்றது. சாரா குழந்தையைத் தூக்கியதும் பார்வையாளரின் குற்றவுணர்வு தணிகின்றது. அப்பாலையில் அவள் அணிந்திருக்கும் தூய வெண்ணிற உடை அன்று பலருடைய கேலிக்கு ஆளாயிற்று. அது உடையமைப்பாளரின் கவனக்குறைவன்று. பார்வையாளரின் கண் எங்கே நிற்கவேண்டும் என்பதை அவ்வெண்மை சுட்டிக்காட்டுகின்றது. அக்கண் குழந்தையின்மீது நிற்கவில்லை.

ஒருவரும் பலரும்

இவ்வளவும் கூறிய பின்னரும், இப்படத்தில் ஓர் உண்மையான சிக்கல் உள்ளது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சாரா தூக்கிவந்த குழந்தை பிழைக்க வாய்ப்பில்லை என்று நிக் கருதுகிறான். இருக்கும் மருந்தும் நேரமும் பிழைக்கக் கூடியவர்களுக்கே உரியவை என்பது அவன் நிலை. சாராவோ இந்த ஒரு குழந்தை என்று விடாப்பிடியாக நிற்கிறாள். படத்தின் மிகச் சிறந்த தருணம் இதுவே எனலாம். இருவரும் சொல்வது சரியே என்பதுதான் அதன் சிறப்பு.

பேரிடர்க் களத்தில் பணிபுரியும் மருத்துவர்க்கு இச்சிக்கல் அன்றாடம் நேர்வது. குழந்தையின் உயரத்தையும் எடையையும் ஒப்பிட்டும், மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்தும் எந்தக் குழந்தையை உணவு மையத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்வர். 1984ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான மைக்கேல் பர்க் என்பவரின் செய்தித் தொகுப்பே எத்தியோப்பியப் பஞ்சத்தை உலகறியச் செய்தது. அதன் ஒளிப்பதிவாளர் கென்யாவைச் சேர்ந்த முகமது அமீன். அக்காலத்தில் மேக்கெலே நகரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவு மையத்தில் பணியாற்றிய செவிலி கிளேர் பெர்ட்சிங்கர். திரண்டு நின்ற குழந்தைகளுள் யாரை உள்ளே எடுப்பது, யாரை விடுவது என்று அவர் தம் கையாலேயே தெரிவு செய்ய வேண்டியிருந்தது. அத்தெரிவின் சுமை பல்லாண்டுகள் தம்மை வருத்தியதை அவர் பின்னாளில் எழுதியும் பேசியும் உள்ளார்.

காதலுக்கும் இம்மருத்துவத்திற்கும் இடையே உள்ள முரண் இங்கேதான் பிறக்கின்றது. காதல் என்பது பலருள் ஒருவரைத் தேர்ந்துகொள்வது. அவருக்கு ஈடாக வேறெவரையும் ஏற்க மறுப்பது. பேரிடர் மருத்துவமோ எவரையும் உவந்து தேர்ந்துகொள்ளக் கூடாதது. தேவை ஒன்றையே அளவாகக் கொள்வது. முன்னதற்கு எண் என்பதே இல்லை. பின்னதற்கு எண்ணே அறம். ஒரே மனிதனிடத்தில் இவ்விரண்டும் குடிகொள்ளும்போது எழும் போராட்டமே இப்படத்தின் உரிப்பொருளாக அமைந்திருக்கக் கூடியது.

இயக்குநரோ அதனைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். மூன்றாம் பகுதியில் சாரா தன் பதவியின் பொறுப்பையும் குழந்தைகளையும் விட்டு ஒருவனுக்காகவே செச்சினியா செல்கிறாள். எத்தியோப்பியாவில் அக்குழந்தைக்காக வாதிட்ட அதே சாராதான் இவள்; அவ்வகையில் பாத்திரப் படைப்பில் தொடர்ச்சி உண்டு. ஆனால் முதற்பகுதியின் நிக் அங்கே இருந்திருந்தால் இச்செயலைக் கடிந்திருப்பான். ஒருவனை மீட்கச் செலவிடும் ஆற்றலைக் கொண்டு எத்தனை பேரைக் காக்கலாம் என்று கேட்டிருப்பான். அக்கேள்வியைக் கேட்பதற்குப் படத்தில் எவரும் இல்லை. காதல் வெல்கின்றது, அதற்குரிய விலையைப் பெயரற்ற மக்கள் எங்கோ கொடுத்திருக்கக் கூடும் என்னும் எண்ணம் திரையில் எழவே இல்லை.

மருந்துப் பெட்டியும் ஆயுதமும்

கம்போடியப் பகுதி மற்றொரு கனமான வினாவை எழுப்புகின்றது. பணமின்றித் தவிக்கும் நிக், ஸ்டைகர் என்னும் இடைத்தரகனோடு உடன்பாடு செய்துகொள்கிறான். மருந்துப் பெட்டிகளுக்கிடையே ஆயுதங்கள் கடத்தப்படுகின்றன. சாராவின் உதவியால் அகதிகள் ஆணையத்தின் பெயரோடு வந்த சரக்கு அது. உண்மை வெளிப்பட்டதும் வன்முறை வெடிக்கின்றது. நிக்கின் உற்ற தோழனும் பணியாளருமான எலியட் உயிரிழக்கிறான்.

தொண்டு நிறுவனங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது வெறும் சாகசக் கதையாகத் தோன்றாது. பொல்போட் ஆட்சி 1979ஆம் ஆண்டு சனவரியில் வீழ்ந்த பின்னர், தாய்லாந்து எல்லையில் அமைந்த முகாம்களுக்கு அனுப்பப்பட்ட உணவும் மருந்தும் அங்கே தஞ்சமடைந்திருந்த கெமர் ரூஜ் படையினருக்கும் சென்று சேர்ந்தன. அவர்கள் மீண்டும் வலுப்பெற அவை துணைபுரிந்தன என்னும் விமர்சனம் அக்காலத்திலேயே எழுந்தது. எத்தியோப்பியாவிலும் இதற்கிணையான நிலை இருந்தது. மெங்கிஸ்து அரசு வடபகுதி மக்களை வலுக்கட்டாயமாகத் தென்மேற்குக்குக் குடிபெயர்த்தது. உணவுதவியே மக்களை முகாமுக்கு ஈர்க்கும் இரையாகப் பயன்பட்டது. இதனை வெளிப்படையாகக் கண்டித்த 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு 1985ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது. பேசினால் நோயாளியை விட்டு நீங்க நேரும்; பேசாதிருந்தால் கொடுமைக்கு உடந்தையாக நேரும். பையாஃப்ரா போரின் பட்டறிவிலிருந்து 1971ஆம் ஆண்டு மருத்துவர்களும் இதழாளர்களும் இணைந்து தொடங்கிய அவ்வமைப்புக்கு, இவ்விக்கட்டு பிறவியிலேயே வாய்த்தது எனலாம்.

மலேசிய வாசகர்களாகிய நமக்கு இதில் அயன்மை இல்லை. 1979ஆம் ஆண்டில் திரெங்கானுக் கடற்கரைக்கு அப்பால் உள்ள பீடோங் தீவில், ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில், 40,000 அளவிலான வியட்நாமிய அகதிகள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். அத்தீவை ஒட்டி நங்கூரமிட்டு நின்ற 'ஈல் த லூமியேர்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் அவர்களுக்கு மருத்துவமனையாகப் பயன்பட்டது. அக்கப்பலை அனுப்பும் முயற்சியை முன்னின்று நடத்தியவர் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பை நிறுவியோருள் ஒருவரான பெர்னார் குஷ்னேர். அம்முயற்சி நோயாளிகளுக்காகவா, பாரிசு நகரத்து ஊடகங்களுக்காகவா என்று அவ்வமைப்பினுள்ளேயே கடும் சர்ச்சை மூண்டது. அதன் விளைவாகக் குஷ்னேர் விலகி, 1980ஆம் ஆண்டில் 'உலக மருத்துவர்கள்' என்னும் மற்றோர் அமைப்பைத் தோற்றுவித்தார். கப்பலில் மருத்துவம் பெற்றவர்கள் மெய்யாகவே மருத்துவம் பெற்றார்கள், சர்ச்சையும் மெய்யானதே. தொண்டும் அதன் காட்சிப்படுத்தலும் பிரிக்கவியலாதபடி பின்னிக் கிடப்பதை நம் கடல் எல்லைக்குள்ளேயே நாம் கண்டிருக்கின்றோம்.

இத்தகைய இக்கட்டைக் கையிலெடுத்த இப்படம் அதனை என்ன செய்தது? எலியட்டின் மறைவுக்குப் பின்னர் நிக்கின் குற்றம் விசாரிக்கப்படும் என்று எதிர்பார்க்கின்றோம். மாறாக, அத்துயரம் காதலர் இருவரையும் நெருக்கமாக்கும் வாயிலாக மாறுகின்றது. ஆயுதக் கடத்தல் என்னும் புறப்பொருள் வினாவுக்குக் காதற்கூட்டம் என்னும் அகப்பொருள் விடை தரப்படுகின்றது. வினாவும் விடையும் வெவ்வேறு திணையைச் சேர்ந்தவை. ஆதலால் விடை கிடைத்தும் வினா அப்படியே நிற்கின்றது. படத்தின் மையமான குறைபாடு இதுவே என்பது நம் துணிபு. குழந்தை ஒன்றின் கையில் கையெறிகுண்டைக் கொடுத்து வேடிக்கை பார்க்கும் படைவீரனின் காட்சியும் இவ்வகையினதே. அது அச்சத்தை ஊட்டுகின்றது, அறிவைத் தரவில்லை.

மணிமேகலை காட்டும் நெறி

பசி நீக்குதலும் காதலும் மோதும் கதை தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் நடு இழையே அதுதான். உதயகுமரன் மணிமேகலையை விரும்புகிறான். அவளுடைய நெஞ்சமும் அவன்பால் செல்கின்றது. அதனை அவள் சுதமதியிடம் மறைக்காமல் சொல்லவும் செய்கிறாள். முற்பிறப்பில் அவனே தன் கணவன் என்பதையும் அறிகிறாள். இருந்தும் அமுதசுரபியை ஏந்திப் புகார் நகரத்து அம்பலத்தில் பசித்தோர்க்கு உணவளிக்கச் செல்கிறாள். சிறைக்கோட்டத்திலும் உணவளிக்கிறாள்; அரசனிடம் வரம் கேட்கும் வாய்ப்புக் கிட்டியபோது, அச்சிறையையே அறக்கோட்டமாக மாற்றுமாறு வேண்டுகிறாள். உதயகுமரன் காஞ்சனனால் வெட்டுண்டு மடியும்போது அவள் கலங்காமல் இல்லை. சாத்தனார் காதலை இழிவுபடுத்தவில்லை. அதற்குரிய வலியை முழுமையாகக் காட்டிவிட்டே அமுதசுரபியைத் தொடர்ந்து சுரக்கச் செய்கிறார்.

இங்கே இரண்டு வேறுபாடுகள் நோக்கத்தக்கன. முதலாவது, பசித்தோர்க்குச் சாத்தனார் முகம் தருகிறார். தீராத யானைத்தீ நோயால் வருந்தும் காயசண்டிகைக்குப் பெயருண்டு, ஊருண்டு, கணவன் உண்டு, அந்நோய் வந்த வரலாறும் உண்டு. அமுதசுரபியின் உணவால் அவளுடைய நோய் தீர்கின்றது. ஆனால் அவளுடைய கதை அங்கே முடியவில்லை. அவளைத் தேடிவந்த கணவனின் வாளே பின்னர் உதயகுமரனின் உயிரைப் பறிக்கின்றது. உணவு பெற்றவள் கதையின் பின்புலமாக நின்றுவிடாமல் கதையையே திருப்புகிறாள்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. அப்பாத்திரத்தை முன்னர்ப் பெற்றிருந்தவன் ஆபுத்திரன். அவன்மீது சினங்கொண்ட இந்திரன், வறண்ட பாண்டிய நாட்டில் மழையைப் பொழிவித்துப் பசித்தவரே இல்லாதபடி செய்துவிடுகிறான். கொடுப்பதற்குப் பாத்திரம் இருந்தும் பெறுவதற்கு ஆளின்றி ஆபுத்திரன் அலைகிறான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்றுக் கப்பலேறுகிறான். இடைவழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்படுகிறான். தன் ஒருவனுக்காக அப்பாத்திரத்தைப் பயன்படுத்த விரும்பாமல், அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். சாவகம் என்பது நம் மலாய்த் தீவுக்கூட்டத்தைச் சார்ந்த நிலம் என்பது அறிஞர் பலரின் கருத்து. கொடையாளிக்குக் கொடுக்கும் தேவையே இல்லாமற் போகும் நாள் வரக்கூடும் என்பதைக் காப்பியம் எண்ணிப் பார்க்கின்றது. அந்நாள் கொடையாளிக்குத் துயரமாகலாம்; உலகத்திற்கு அதுவே நன்னாள்.

நிக் கேலகனும் ஆபுத்திரனைப் போல் பசியைத் தேடி நாடு நாடாகச் செல்பவனே. ஆனால் மழை பெய்த பின்னர் அந்நாடு எவ்வாறிருக்கும் என்பதைப் படம் ஒருபோதும் காட்டவில்லை. 1984ஆம் ஆண்டில் காட்டப்பட்ட எத்தியோப்பியா படத்தில் பின்னர் தலைகாட்டவே இல்லை. சாரா தூக்கிவந்த குழந்தையின் நாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய எவருக்கும் ஆர்வமில்லை. நாயகன் நாயகனாக நிலைபெறுவதற்கு உலகில் எங்கேனும் பஞ்சம் இருந்துகொண்டே இருக்கவேண்டும் என்னும்படியாகக் கதை அமைந்துவிட்டது.

கண்ணிவெடியும் இறுதிக்காட்சியும்

செச்சினியப் பகுதியில் நிக் சிறைப்படுவது மிகையன்று. 1994ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய அப்போரில், பேரிடர் உதவிப் பணியில் பெரும் பட்டறிவு கொண்டிருந்த அமெரிக்கர் ஃபிரெட் கியூனி 1995ஆம் ஆண்டு ஏப்ரலில் காணாமற் போனார். 1996ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் நோவியே அத்தாகி என்னும் ஊரிலிருந்த செஞ்சிலுவை மருத்துவமனையில் உறங்கிக்கொண்டிருந்த ஊழியர் அறுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொண்டரின் உடையும் சின்னமும் காவலாக நின்ற காலம் மறைந்துகொண்டிருந்ததை இப்படம் உணர்ந்திருக்கின்றது.

பனிவெளியில் சாரா கண்ணிவெடியின்மேல் கால் வைத்துவிட்டதை உணர்கிறாள். தன்னை நோக்கி ஓடிவரும் நிக்கை விலகிப் போகுமாறு கையசைக்கிறாள். அணுகுவதே காதலின் இயல்பு. இங்கே அணுகவிடாமல் தடுப்பதே காதலாகின்றது. ஜோலியும் ஓவனும் இக்காட்சியை மிகையின்றி நடித்துள்ளனர். இப்படத்தில் நம் மனத்தில் நிற்கும் காட்சிகளுள் இதுவும் ஒன்று என்பதைக் கூறாதிருத்தல் நேர்மையாகாது. ஆயினும் கண்ணிவெடி என்பது வயலுக்குச் சென்ற உழவரையும் விறகு பொறுக்கச் சென்ற சிறுவரையும் போர் ஓய்ந்த பின்னரும் பல்லாண்டுகள் கொன்றுவரும் கருவி. 1997ஆம் ஆண்டில் ஒட்டாவா உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு அவர்களுடைய ஊனமுற்ற உடல்களே சான்றாக நின்றன. கண்ணிவெடிகள் நிறைந்த கம்போடியாவைக் கடந்து வந்த இப்படத்தில், நம் நெஞ்சை உலுக்குமாறு காட்டப்படும் கண்ணிவெடிச் சாவு தலைவியுடையதே.

இதற்கான மறுமொழி வேறெங்கோ இல்லை. ஜோலியின் பிற்காலப் பணியிலேயே உள்ளது. இப்படம் வெளிவருவதற்கு முன்னரே, 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அவர் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் நல்லெண்ணத் தூதராகப் பொறுப்பேற்றார். பின்னர்ச் சிறப்புத் தூதராக உயர்ந்து 2022ஆம் ஆண்டு வரை அவ்வாணையத்தோடு பணியாற்றினார். 2017ஆம் ஆண்டில் அவர் இயக்கிய 'ஃபர்ஸ்ட் தே கில்டு மை ஃபாதர்' என்னும் படம் லுவோங் உங் என்னும் கம்போடியப் பெண்மணியின் தன்வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது. அப்படத்தின் மொழி கெமர், நடித்தோர் கம்போடியர். மீட்க வரும் வெள்ளை உடைப் பெண் எவரும் கதையை நடத்தவில்லை. காட்சிகள் ஒரு சிறுமியின் கண்ணுயரத்திலிருந்தே விரிகின்றன. கண்ணிவெடி புதைந்த நிலத்தில் மக்கள் சிதறுண்டு மடிவதை அச்சிறுமி பார்த்து நிற்கிறாள். நாமும் அவளோடு நிற்கின்றோம். கம்போடியாவை முன்னர்க் காதலின் பின்புலமாக்கிய படத்தில் நடித்தவரே, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் அந்நாட்டுச் சிறுமியின் பெயரையும் குடும்பத்தையும் மொழியையும் கதையின் நடுவே கொண்டுவந்தார். புறத்திற்குரிய பெயர் புறத்திற்கே திரும்பியது எனலாம்.

முடிவுரை

'பியாண்ட் பார்டர்ஸ்' தோல்வியுற்ற படமாயினும் பயனற்ற படமன்று. பிழைக்க வாய்ப்பற்ற ஒரு குழந்தைக்காக மருந்தைச் செலவிடலாமா, மருந்து கொண்டுசேர்ப்பதற்காக ஆயுதத்தைச் சுமக்கலாமா என்னும் இரு வினாக்களை அது எழுப்பியது. அவ்வினாக்களுக்கு முன்னே நிற்பதற்குரிய பொறுமை அதற்கு இல்லை. காதலை விடையாக்கி அவற்றைக் கடந்து சென்றுவிட்டது. காதல் இடம்பெற்றது பிழையன்று. காதலர்க்குக் கிட்டிய முகமும் பெயரும் வரலாறும் துன்புறுவோர்க்குக் கிட்டாமற் போனதே பிழை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை ஆச்சேயையும் நம் நாட்டின் வடமேற்குக் கரையையும் தாக்கியபோது, துயரைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களாகவும் துயருக்கு அண்மையில் வாழ்பவர்களாகவும் நாம் ஒருங்கே இருந்தோம். பார்ப்பதும் உதவுவதும் ஒன்றல்ல என்பதை அந்நாட்கள் நமக்கு உணர்த்தின. நம் மாணவர்கள் இத்தகைய படங்களைக் காணும்போது, நாயகனும் நாயகியும் இணைந்தார்களா என்பதோடு நின்றுவிடலாகாது. உணவு பெற்றவர் பெயர் என்ன, அவர் எந்த ஊரினர், அவருடைய பசிக்கு யார் காரணர், மழை பெய்த பின்னர் அவர் என்ன ஆனார் என்றும் கேட்கப் பழகவேண்டும். காயசண்டிகையின் பெயரையும் ஊரையும் பதிந்துவைத்த காப்பியத்தைப் பயில்வோர்க்கு இக்கேள்விகள் அரியன அல்ல.